ஆயிரத்தில் நான்கு பேர் என்று எழுதும் முன்: மனநலக் கணக்கெடுப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மனநலக் கணக்கெடுப்புகளைத் திட்டமிடுபவர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்குபவர்களுக்கும், அறிக்கை எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா). நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இந்த நோயோடு வாழும் குடும்பங்கள் கூடிப் பேசும் குழு ஒன்றில் நெடுநாளாக இருக்கிறேன். உங்கள் அறிக்கை வெளியாகும்போதெல்லாம் தேடி எடுத்துப் படிப்பேன். மற்ற பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராக சைக்கோசிஸ் அட்டவணைக்குத்தான் போவேன். இல்லாத குரல் கேட்பது, உண்மை இல்லாததை உறுதியாக நம்புவது போன்ற அறிகுறிகள் உள்ள நோய்களைச் சேர்த்து அப்படிச் சொல்வார்கள், மனச்சிதைவு அதில் ஒன்று. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள். எங்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒரு சிறிய எண்ணும், எண்ணிக்கை குறைவாக இருப்பதால் மேற்கொண்டு பிரித்துப் பார்க்க முடியவில்லை என்ற ஒரு குறிப்பும்தான்.

அந்தச் சிறிய எண்ணை வைத்துத்தான் எத்தனை படுக்கை, எத்தனை மருத்துவர், எத்தனை செவிலியர், எவ்வளவு மருந்து என்று முடிவாகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எண்ணும் முறையிலேயே நோய் அதிகமாக உள்ளவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். அதை மாற்ற உங்களால் முடியும்.

வயது வந்தவர்களில் எத்தனை பேருக்கு சைக்கோசிஸ் வகை நோய் இருக்கிறது? ஒரே கேள்விதான், ஆனால் கைக்கு வரும் பதில்களைப் பாருங்கள். உலகில் சுமார் 2.4 கோடிப் பேருக்கு மனச்சிதைவு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. மொத்த மக்களில் 300 பேருக்கு ஒருவர், வயது வந்தவர்களை மட்டும் எடுத்தால் 222 பேருக்கு ஒருவர். இது மனச்சிதைவு மட்டும். சைக்கோசிஸ் வகை எல்லாவற்றையும் சேர்த்து, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கட்டுரையில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நோயோடு இருப்பவர்கள் ஆயிரத்துக்கு சுமார் 3.9 பேர், வாழ்நாளில் என்றாவது நோய் வந்தவர்கள் 7.5 பேர். இந்தியாவில் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் வாழ்நாள் கணக்கு 1.4 சதவீதம், தற்போது நோயோடு இருப்பவர்கள் 0.4 சதவீதம். பின்லாந்தில் 2007இல் வெளியான ஆய்வில் வாழ்நாள் கணக்கு 3 சதவீதத்துக்கு மேல்.

ஆயிரத்தில் நான்கு பேரா, முப்பது பேரா? இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு உண்மையாகவே இருப்பது. மற்றது, எங்கே தேடினார்கள், யாரிடம் கேட்டார்கள், எதையெல்லாம் இந்த வகையில் சேர்த்தார்கள், தற்போதைய நோயை எண்ணினார்களா வாழ்நாள் நோயை எண்ணினார்களா என்பதால் வருவது.

பின்லாந்துக்காரர்கள் செய்ததை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே நிறைய இருக்கிறது. 30 வயதைத் தாண்டிய எட்டாயிரம் பேரை மாதிரியாக எடுத்தார்கள். நேர்காணலோடு நிறுத்தவில்லை. மருத்துவமனைப் பதிவேடு, மருந்துச் சலுகைப் பதிவேடு, ஊனமுற்றோர் ஓய்வூதியப் பதிவேடு என்று பல இடங்களில் தேடினார்கள், பழைய மருத்துவக் குறிப்புகளையும் வாங்கிப் படித்தார்கள். அப்புறம் இன்னொன்றும் செய்தார்கள். கணக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் போனவர்களின் பெயர்களையும் பதிவேட்டில் தேடிப் பார்த்தார்கள். அவர்களைச் சேர்த்ததும் 3.06 சதவீதம் 3.48 ஆனது. கதவைத் திறக்காதவர்களிடம் நோய் அதிகமாக இருந்தது என்பதைத்தான் அந்த உயர்வு காட்டுகிறது. எங்கள் குழுவில் இதைக் கேட்டு யாரும் வியக்க மாட்டார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுக்க ஒன்றுபோல வெந்திருந்தால்தான் அது சரி. இந்த நோய் மக்களிடையே அப்படிச் சீராகப் பரவிக் கிடப்பதில்லை, அதுவும் நோய் முற்றியவர்கள் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். மரியாதையாகப் பேசினார், அடையாள அட்டை காட்டினார், வீட்டில் 18 வயதுக்கு மேல் யார் யார் என்று கேட்டார். அம்மாதான் பதில் சொன்னார். அப்பாவின் பெயரைச் சொன்னார், தன் பெயரைச் சொன்னார், என் பெயரைச் சொன்னார். அண்ணன் பெயரைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. “அவன் வெளியூர் போயிருக்கான், வர நாளாகும்” என்றார். அண்ணன் உள்ளறையில்தான் இருந்தான். வெளியே யாரோ எழுதிக்கொண்டிருப்பதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறான். தன்னைப் பற்றித் தகவல் சேகரிக்க ஆள் அனுப்புகிறார்கள் என்பது அப்போது அவனுடைய உறுதியான நம்பிக்கை. அந்தப் பெண் போன பிறகு ஜன்னல்களுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டினான். அம்மா சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. தாளில் பெயர் ஏறினால் அது எங்கே போகும், யார் படிப்பார்கள், நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தைப் போக்கும்படி ஒரு வார்த்தைகூட அந்தக் கேள்வித்தாளில் இல்லை.

உங்கள் கணக்கில் எங்கள் வீடு பதில் கிடைத்த வீடு, மூன்று பெரியவர்கள் உள்ள வீடு. நோயாளி யாரும் இல்லை.

சரி, அண்ணனே வந்து உட்கார்ந்திருந்தால்? அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. மற்றவர்களுக்குக் கேட்காத குரல் உங்களுக்குக் கேட்டதுண்டா என்று கேட்கிறீர்கள். நோய் உச்சத்தில் இருந்தபோது அண்ணன் அதற்கு இல்லை என்றுதான் சொல்லியிருப்பான், மனதார. அவனுக்குக் கேட்டது மாயக்குரல் இல்லையே! மேல் வீட்டுக்காரர்கள் பேசுகிறார்கள், எல்லாருக்கும் கேட்கிறது, கேட்காத மாதிரி நடிக்கிறார்கள். அவனுக்கு அது நோயின் அறிகுறி அல்ல, தினமும் நடக்கும் கொடுமை. உண்மை இல்லாத ஒன்றை உண்மை என்று நம்ப வைக்கும் நோயைக் கண்டுபிடிக்க, அது உண்மையா இல்லையா என்று நோயாளியிடமே கேட்பது எந்த விதத்தில் போதும்?

அதே கேள்விக்கு ஆம் என்று சொல்பவர்கள் வேறு. கணவரை இழந்த ஒரு பெண் அவர் கூப்பிடும் குரலைச் சில மாதம் கேட்கலாம். தூக்கம் பிடிக்கும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லி அழைத்த மாதிரி பலருக்கும் தோன்றும். உலக மனநலக் கணக்கெடுப்புகளில் 18 நாடுகளில் 31,000க்கும் அதிகமானோரிடம் கேட்டபோது, இப்படி ஏதாவது ஒரு அனுபவம் வாழ்நாளில் ஒருமுறையேனும் நேர்ந்ததாகச் சொன்னவர்கள் 5.8 சதவீதம். இவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் இல்லை.

வெறும் கேள்வித்தாளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே நடந்த தேசியக் கணக்கெடுப்பின் சைக்கோசிஸ் பகுதி 1996இல் வெளியானது. அறிகுறிக் கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று சொன்னவர்கள் 28.4 சதவீதம்! அந்தப் பதில்களைக் கணினியில் போட்டு விதிப்படி சலித்தபோது விரிந்த பொருளில் 2.2 சதவீதம். மருத்துவ அனுபவம் உள்ளவர்கள் பார்த்து முடிவு செய்தபோது 0.7. ஒரே மக்கள், ஒரே ஆய்வு, மூன்று எண்கள். பெரிய எண் வேண்டும் என்று நான் கேட்கவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். 28 என்று தலைப்புச் செய்தி போட்டால் எங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. உண்மையாக முடியாமல் கிடப்பவர் அந்தக் கூட்டத்தில் காணாமல் போவார், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 1993 முதல் நடத்திவரும் வயது வந்தோர் மனநலக் கணக்கெடுப்பு இதற்கு ஒரு வழி கண்டது. முதல் சுற்றில் எல்லாரையும் பொதுவாகக் கேட்பார்கள். சைக்கோசிஸ் மருந்து சாப்பிடுகிறாரா, மனநல மருத்துவமனையில் தங்கியிருந்தாரா, மருத்துவர் ஏற்கெனவே நோய்ப் பெயர் சொல்லியிருக்கிறாரா, குரல் கேட்கிறதா என்று பார்த்து, அதில் ஏதாவது ஒன்று இருந்தால் மருத்துவப் பயிற்சி உள்ளவர் இரண்டாம் சுற்றில் நீண்ட நேரம் பேசுவார். குரல் கேட்கவில்லை என்று சொல்பவரையும் மாத்திரைச் சீட்டு வழியாகப் பிடிக்க முடிகிறது. என் அண்ணனைப் போன்றவர்கள் தவறிப்போகாத வழி இது. செலவு பிடிக்கும், தெரியும். ஆனாலும் ஒரே சுற்றில் அரைமணி நேரத்தில் முடிக்கும் கணக்கெடுப்பில் சைக்கோசிஸுக்கு ஒரு எண் போட வேண்டாம் என்றே சொல்வேன். போடாத எண்ணைவிடத் தவறான எண் அதிகக் கெடுதல் செய்கிறது.

ஆனால் அந்த நல்ல கணக்கெடுப்பும் வீடுகளுக்கு மட்டுமே போகிறது. வீடு இல்லாதவர்கள்? மருத்துவமனையில் நெடுநாள் இருப்பவர்கள்? காப்பகத்தில் இருப்பவர்கள்? சிறையில் இருப்பவர்கள்? 24 நாடுகளின் சிறை ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த கட்டுரையில் ஆண் கைதிகளில் 3.6 சதவீதம் பேருக்கும் பெண் கைதிகளில் 3.9 சதவீதம் பேருக்கும் சைக்கோசிஸ் இருந்தது. வெளியில் உள்ள மக்களைவிடப் பல மடங்கு. தெருவிலும் தற்காலிக விடுதிகளிலும் வாழ்பவர்களைப் பற்றிய தொகுப்பாய்வுகளில், பணக்கார நாடுகளிலேயே, நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்ற அளவில் வருகிறது. சிகிச்சை கிடைக்காமல், வீடு கைவிட்டு, அல்லது வீட்டைத் தானே விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் இவர்கள். இவர்கள் எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு மக்கள்தொகையின் எண் என்று ஒன்றை அறிவிக்கிறோம்.

சேர்த்து எண்ணினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 2023இல் ஒரு ஆய்வின் முடிவு வந்தது. வீடுகளோடு சிறைகள், அரசு மனநல மருத்துவமனைகள், வீடற்றோர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் போனார்கள். பயிற்சி பெற்ற மருத்துவ நேர்காணலாளர்கள் பேசினார்கள். 18 முதல் 65 வயதுவரை உள்ளவர்களில் மனச்சிதைவு வகை நோய்கள் கடந்த ஓராண்டில் இருந்தவர்கள் 1.2 சதவீதம், வாழ்நாள் கணக்கில் 1.8 சதவீதம். அதுவரை அந்த நாட்டில் சொல்லிவந்த எண்கள் 0.25க்கும் 0.64க்கும் இடையில் இருந்தன. ஒரு மருத்துவருக்கு வேலை இருக்கிறது என்று நினைத்த இடத்தில் இரண்டு மூன்று மருத்துவர்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள். இத்தனை காலமும் அந்த வேலை நடக்காமலே கிடந்திருக்கிறது.

இனி, தற்போதைய நோய், வாழ்நாள் நோய் என்ற இரண்டு எண்கள். இந்தியக் கணக்கெடுப்பில் 0.4, 1.4 என்று மூன்று மடங்குக்கு மேல் இடைவெளி இருப்பதைச் சொன்னேன். அந்த இடைவெளியில் இருப்பவர்கள் யார்? நோய் ஒருமுறை வந்து முழுசாக நீங்கியவர்கள் சிலர். மற்ற பலர் இப்போதைய என் அண்ணனைப் போன்றவர்கள். மருந்து சாப்பிடுகிறான், குரல் அடங்கிவிட்டது, ஜன்னல்களில் காகிதம் இல்லை. இன்றைக்கு நீங்கள் வந்தால் தற்போது நோய் இல்லை என்றுதான் எழுதுவீர்கள், அது சரியும்தான். ஆனால் அவனுக்கு மாதாமாதம் மருந்து வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும், எடையும் சர்க்கரையும் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், செய்யக்கூடிய ஒரு வேலை வேண்டும். தற்போதைய எண்ணை மட்டும் எடுத்து மருந்துக்கும் ஆளுக்கும் திட்டம் போட்டால், மருந்தால் நன்றாக இருப்பவர்களுக்கு மருந்து இல்லாமல் போகும். அப்புறம் அடுத்த கணக்கெடுப்பில் அவர்கள் தற்போதைய நோயாளிகளாக வந்து நிற்பார்கள்.

எண் குறைவதை நல்ல செய்தியாக எழுதுவதும் என்னை உறுத்துகிறது. ஒரு நேரத்தில் எத்தனை பேர் நோயோடு இருக்கிறார்கள் என்பது, புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது, வந்தவர்கள் எத்தனை ஆண்டு அதோடு வாழ்கிறார்கள் என்ற இரண்டையும் பொறுத்தது. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பதினான்கு பதினைந்து ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. தற்கொலை ஒரு காரணம், ஆனால் பெரும்பகுதி இதயநோய், நீரிழிவு, தொற்றுநோய் போன்ற, கவனித்தால் தள்ளிப்போடக்கூடிய சாவுகள். ஆக, நோயாளிகள் சீக்கிரம் செத்தால் உங்கள் அட்டவணையில் எண் இறங்கும். நன்றாகக் கவனித்து அவர்கள் எழுபது வயதுவரை வாழ்ந்தால் எண் ஏறும். இந்த ஏற்றத்தைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. எண்ணுக்குப் பக்கத்திலேயே இறப்புக் கணக்கையும் போடுங்கள், இல்லாவிட்டால் படிப்பவர்களுக்கு எது நல்லது எது கெட்டது என்று எப்படித் தெரியும்?

மாதிரியின் அளவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அறிக்கையைப் படிக்கும் அதிகாரிக்கும் செய்தியாளருக்கும் நீங்கள் சொல்லியாக வேண்டும். 7,500 பேரிடம் கேட்கிறீர்கள், ஆயிரத்துக்கு ஐந்து பேர் என்று வருகிறது என்றால், கையில் இருப்பது 37, 38 பேர். தற்செயலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே உண்மையான எண் ஆயிரத்துக்கு மூன்றரையாகவும் இருக்கலாம், ஆறரையாகவும் இருக்கலாம். இதை வயதுவாரியாக, பகுதிவாரியாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு நான்கு பேர்கூடத் தேற மாட்டார்கள். இங்கிலாந்தில் இதனால்தான் 2007, 2014 இரண்டு சுற்றுகளின் தரவையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஆனால் செய்தியில் வருவது என்ன? இந்தப் பகுதியில் அதிகம், அந்தப் பகுதியில் குறைவு, சென்ற முறையைவிட இத்தனை சதவீதம் கூடிவிட்டது. பிழை வரம்பை அடிக்குறிப்பில் வைக்காதீர்கள். எண் நிற்கும் அதே வரியில், அதே எழுத்தளவில் போடுங்கள்.

அதற்காக ஊருக்கு ஊர் வித்தியாசமே இல்லை என்று ஆகிவிடாது. 6 நாடுகளில் 17 இடங்களில் புதிதாக நோய் தொடங்குவோரை எண்ணி 2018இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த இடத்துக்கும் மிக அதிகமான இடத்துக்கும் எட்டு மடங்கு வித்தியாசம் இருந்தது. வாழும் சூழலும், இடம்பெயர்ந்து வந்து ஒதுக்கப்படுவதும், போதைப்பொருளும் இதில் சேர்கின்றன. அதனால் தேசிய சராசரியைத் தலைக்கு இத்தனை என்று எல்லா மாவட்டத்துக்கும் பங்கு வைப்பது, சில இடங்களில் தேவைக்குப் பல மடங்கு குறைவாகக் கொடுப்பதுதான். இதற்கு வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பு பதில் தராது. ஆஸ்திரேலியாவில் 1997-98இலும் 2010இலும் சைக்கோசிஸுக்கென்றே தனிக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். வீட்டுக் கதவைத் தட்டாமல், குறிப்பிட்ட பகுதிகளின் பொது மனநலச் சேவைகளுக்கு வந்த எல்லாரையும் எண்ணினார்கள். 2010 சுற்றில் ஓராண்டுக் கணக்கு ஆயிரத்துக்கு 4.5 பேர். சிகிச்சைக்கு வராதவர்கள் இதில் விடுபடுவார்கள் என்பது உண்மை. ஆனால் வந்தவர்களிடம் எப்படி வாழ்கிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், உடம்பு எப்படி இருக்கிறது, தனிமையாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். அந்த அறிக்கையைப் படித்தபோதுதான் ஒரு கணக்கெடுப்பில் என் அண்ணனை முதன்முதலாகப் பார்த்தேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த கணக்கெடுப்புக்குத் திட்டம் போடும்போதே சிறை, காப்பகம், மருத்துவமனை, தெரு ஆகியவற்றுக்கும் ஆள் ஒதுக்குங்கள். பணம் போதாது என்றால் வீட்டு மாதிரியைக் கொஞ்சம் சுருக்கியாவது செய்யுங்கள். கலந்துகொள்ளாதவர்கள் எத்தனை பேர் என்று எழுதுவதோடு விடாமல், சட்டமும் தனியுரிமையும் அனுமதிக்கும் அளவுக்குப் பெயர் நீக்கிய பதிவேடுகளோடு ஒப்பிட்டு அவர்களில் நோய் எவ்வளவு என்றும் பாருங்கள். பதிவேடே இல்லாத இடங்களில், நம்மால் எண்ண முடியாதவர்கள் யார் யார் என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், கடைசிப் பக்கத்தில் வேண்டாம்.

கேள்வித்தாளை அச்சுக்கு அனுப்பும் முன் இந்த நோயிலிருந்து மீண்டவர்கள் சிலரையும் எங்களைப் போன்ற குடும்பத்தார் சிலரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் காட்டுங்கள். எந்தக் கேள்விக்கு நோயாளி பயப்படுவார், எந்தக் கேள்விக்கு அம்மா பொய் சொல்வார் என்று எங்களால் சொல்ல முடியும். வீட்டுக்கு வரும் களப்பணியாளருக்கு, இந்தப் பெயர் யாருக்கும் போகாது, உதவி வேண்டுமானால் இங்கே வரலாம் என்று இரண்டு வரியும் ஒரு முகவரியும் கொடுத்து அனுப்புங்கள். எங்கள் குழுவிலிருந்து வர நாங்கள் தயாராக இருக்கிறோம். கூலி வேண்டாம். அழைப்பு வந்தால் போதும்.

இப்படிக்கு,
மனச்சிதைவு நோயுள்ள ஒருவரின் தங்கை